அப்பாவின் பிக்கப்புக்கு என்ன விலை? பழைய வாகனம் ஒன்றை மதிப்பிடுவதும் விற்பதும்

"தம்பி, உது ஓடுற வாகனம் இல்லை, இரும்பு. இரும்புக்கு ஒரு விலை இருக்கு. இரண்டரை இலட்சம் தாறன். ஓமெண்டால் இண்டைக்கே ஏத்திக்கொண்டு போறன்."

2024 மாசியில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டிலுக்கு முன்னால் நின்று ஒரு தரகர் சொன்னது இது. கொட்டிலுக்குள் நின்றது அப்பாவின் 1965ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் பிக்கப். அப்பா இறந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. வாகனம் ஓடி ஏறத்தாழப் பத்து வருடங்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. "யோசிச்சுச் சொல்லுறம் அண்ணை" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

பதினெட்டு மாதங்கள் கழித்து, 2025 ஆவணியில், அதே பிக்கப்பை 7 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவுக்கு விற்றோம். இடைப்பட்ட காலத்தில் வாகனத்துக்கு நாங்கள் செய்த வேலை மிகக் குறைவு. செய்ததெல்லாம் விசாரணையும் கடதாசி வேலையும்தான்.

வடக்கிலும் கிழக்கிலும் இப்படியான வாகனங்கள் இன்னும் பல வீடுகளில் நிற்கின்றன. சில மாமரத்தின் கீழ் தறப்பாளால் மூடப்பட்டிருக்கின்றன. சில, பெயரில் உள்ளவர் இல்லாததால் விற்கவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் கிடக்கின்றன. வீட்டில் ஒரு தேவை வரும்போது முதலில் வரும் தரகரின் விலைக்கே அவை போய்விடுகின்றன. நான் வாகன வியாபாரியும் அல்லன், மெக்கானிக்கும் அல்லன். ஒரு வாகனத்தை விற்றபோது கற்றுக்கொண்டவற்றை, அதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். எங்களுடையது மைனர் என்பதால் உதாரணங்கள் அதைப் பற்றியவை. ஒஸ்ரின், டட்சன், லான்ட் றோவர் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

உங்களிடம் இருப்பது என்ன?

விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், வாகனம் எது என்பதை உறுதிப்படுத்த வேண்டும். மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டது. வான், பிக்கப் வகைகள் 1953இல் வந்தன. முதலில் 803 சீசீ எஞ்சின், 1956இலிருந்து 948, 1962இலிருந்து 1098. இந்த மூன்றில் 1098 சீசீ எஞ்சினே பாரம் ஏற்றத் தோதானது.

எங்கள் நாட்டில் பிக்கப் என்ற பெயரில் ஓடும் மைனர்கள் எல்லாம் பிக்கப்பாகப் பிறந்தவை அல்ல. பழைய காரின் பின்பகுதியை வெட்டிப் பெட்டி பொருத்தியவையும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மைனர் காருக்குத் தனியான செசி கிடையாது; உடலே சட்டகம். வானுக்கும் பிக்கப்புக்கும் முன்னிருந்து பின்வரை தனிச் செசி உண்டு. குனிந்து பார்த்தால் தெரியும். வெட்டிய கார் கூரையின் பலத்தை இழந்தது. பார்ப்பதற்கு ஒன்றாக இருந்தாலும் விலையில் அது வேறு வாகனம்.

அடுத்து, பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்கும் சாரதி அறைக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில் சிறிய தகடு ஒன்று இருக்கும். 1950களின் பிற்பகுதியிலிருந்து வந்த மைனர்களில் செசி இலக்கத்தின் முன்னுள்ள மூன்றாவது எழுத்து உடலின் வகையைச் சொல்லும். 'யூ' என்றால் பிக்கப், 'வீ' என்றால் வான், 'எஸ்' என்றால் கார். எங்கள் தகட்டில் 'எம்.ஏ.யூ.5' என்று இருந்தது. எஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே எஞ்சினிலேயே தகடாகப் பொருத்தப்பட்டிருக்கும். '10எம்.ஏ.' என்று தொடங்கினால் 1098 சீசீ மைனர் எஞ்சின். '9எம்' என்றால் 948.

இந்த இரண்டு இலக்கங்களையும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். யுத்த காலத்தில் கிடைத்த எஞ்சினைப் பொருத்தி ஓடியவர்கள் பலர். டட்சன், ரொயோட்டா எஞ்சின் பொருத்திய மைனர்கள் நிறைய உண்டு. ஓட்டத்துக்கு அவை நல்லவை. ஆனால் பழைய வாகனத்தை விரும்பி வாங்குபவர் மூல எஞ்சினுக்குத்தான் அதிகம் கொடுப்பார். பழைய எஞ்சின் கொட்டில் மூலையில் கிடந்தால் அதை இரும்புக்குக் கொடுத்துவிட வேண்டாம். வாகனத்துடன் சேர்த்து விற்றால் விலை கூடும்.

எரிந்தோ கடற்காற்றில் அரித்தோ செசி இலக்கம் அழிந்திருக்கிறதா? வன்னியிலிருந்து திரும்பி வந்த வாகனங்கள் சிலவற்றின் நிலை இது. நீங்களோ கராஜ்காரரோ அந்த இலக்கத்தைத் திரும்ப அடிக்க வேண்டாம். அது குற்றம். மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்லும் வழியில் செய்ய வேண்டும்.

இலக்கத் தகட்டையும் மாற்ற வேண்டாம். எங்கள் வாகனத்தில் பழைய ஸ்ரீ இலக்கம் இருந்தது. 1957, 58 காலத்தில் எங்கள் ஊர்களில் தார் பூசப்பட்ட அதே எழுத்து, இன்று சேகரிப்பாளர்கள் தேடிக் கேட்கும் ஒன்றாக இருக்கிறது. முதற் பதிவு மாறாத வாகனம் என்பதற்கு அது அடையாளம்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்

1990 ஆனியில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. அந்தக் காலத்தை வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய காலம் அது. எங்கள் பிக்கப்பும் அப்படித்தான் வெங்காயமும் மரக்கறியும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குப் போனது. 1995 ஒக்ரோபர் 30 இரவு பதினொரு பேரையும் இரண்டு ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும் அந்த எண்ணெயில்தான்.

விற்கும்போது இதன் கணக்கையும் பார்க்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து ஒயிலின் தன்மையைக் குறைக்கும். அதனால் பெயாரிங்குகள் தேயும். வால்வுகளில் கரி படியும். எனவே பேச்சுக்கு முன்னர் ஒரு மெக்கானிக்கைக் கொண்டு கொம்பிறஷன் பாருங்கள். நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டினால் நல்லது. ஒன்று மட்டும் பத்து வீதத்துக்கு மேல் குறைந்தால் அதற்கு வேலை இருக்கிறது. சில வருடங்கள் நின்ற எஞ்சினை உடனே ஸ்ராட் செய்ய வேண்டாம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு, கையால் சுற்றிப் பார்த்த பின்னரே பற்றரியைக் கொடுக்க வேண்டும். தாங்கியிலுள்ள பழைய எண்ணெயையும் வடித்துவிட வேண்டும்.

துரு பார்க்க வேண்டிய இடங்கள்: செசியில் பின் வில்லுத்தகடு பிடிக்கும் இடம், சாரதி அறையின் தரை, கதவுகளின் அடி, முன் மட்கார்ட்டின் உட்பக்கம், பின்பெட்டியின் அடித்தகடு. சிறிய சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அரித்தது மொத்தென்று கேட்கும்.

மைனரில் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று, முன் சில்லைத் தாங்கும் கீழ்ப்பிணைப்பு. கராஜில் 'ட்ரணியன்' என்பார்கள். கிறீஸ் அடிக்காமல் விட்டால் அதன் புரி தேய்ந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு மடிந்துவிடும். அதை அறிந்திருந்தும் சொல்லாமல் விற்பது விலைப் பேச்சு அல்ல, ஓர் உயிரோடு விளையாடுவது.

நல்ல செய்தியும் உண்டு. மைனருக்கு இலங்கையில் உதிரிப்பாகம் கிடைக்கிறது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் அப்போது இருந்த மைனர் நிலையத்துடன் சேர்ந்து 1990களில் இங்கேயே பாகங்கள் செய்து அங்கு ஏற்றுமதியும் செய்தார்கள். "உதுக்குச் சாமான் எடுக்கேலாது" என்று தரகர் விலையைக் குறைக்கப் பார்த்தால் நம்ப வேண்டாம்.

கடதாசிகள்

அரித்த இரும்பைத் திருத்த ஆள் இருக்கிறது. கடதாசி இல்லாத வாகனத்துக்கு நல்ல விலை கொடுக்க ஆள் இல்லை. தரகர் இரண்டரை சொன்னதற்கு உண்மையான காரணம் துரு அல்ல என்பது பின்னர்தான் எனக்கு விளங்கியது. வாகனம் இறந்தவரின் பெயரில் இருக்கிறது, வருமான அனுமதிப்பத்திரம் பல வருடங்களாகப் புதுப்பிக்கப்படவில்லை, குடும்பத்துக்கு வழி தெரியாது. அவர் அதற்குத்தான் விலை குறைத்தார்.

சேர்க்க வேண்டியவை இவை. பதிவுச் சான்றிதழ், அதாவது சி.ஆர். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். வருமான அனுமதிப்பத்திரத்தின் நிலுவைகள். வாகனம் ஓடவில்லை என்று உரிய காலத்தில் அறிவிக்காமல் விட்டிருந்தால் நிலுவையும் தண்டமும் சேரும். பிரதேச செயலகத்தில் மொத்தத் தொகையை முதலே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி. சி.ஆரில் வகை லொறி என்று இருந்தால் தகுதிச் சான்றிதழும் தேவை. சி.ஆரில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் பழைய லீசிங் நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் பெற்று அதை நீக்க வேண்டும்.

சி.ஆரில் உள்ள நிறம், உடல் வகை, எஞ்சின் இலக்கம் ஆகியவை வாகனத்தில் உள்ளவற்றோடு பொருந்தாவிட்டால் விற்பதற்கு முன்னர் திருத்துங்கள். வாங்குபவரிடம் அதை விட்டால் அவர் அந்தச் செலவைப்போல இரண்டு மடங்கை விலையிலிருந்து கழிப்பார்.

பெயரில் உள்ளவர் இல்லை என்றால்

மரணம் பதிவாகியிருந்தால் வழி நீளமானது, ஆனால் தெளிவானது. எங்கள் சட்டத்தரணி மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட்டு நிருவாகக் கடிதம் பெறச் சொன்னார். அப்பாவின் பெயரில் காணியும் இருந்ததால் அது எப்படியும் தேவைப்பட்டது. தேசவழமைக்கு உட்பட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருமண காலத்தில் உழைப்பில் வாங்கிய சொத்து தேடியதேட்டம். ஒருவர் இறந்தால் அதில் பாதி வாழ்க்கைத்துணைக்கும் மறுபாதி வாரிசுகளுக்கும் உரியது. வாகனமும் இதில் அடங்கும். எனவே தாயார் தனியாகவோ மூத்த மகன் தனியாகவோ விற்றுவிட முடியாது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கனடாவிலுள்ள என் தங்கை அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவத்தை அனுப்பினாள். வழக்கு முடிய ஏறத்தாழ ஒரு வருடம் சென்றது.

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் வாகனம் இருந்தால் நிலைமை வேறு. இதில் சட்டத்தில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின்படி மரணச் சான்றிதழ் பெறலாம். 2016இல் வந்த திருத்தம், மரணம் என்று சொல்லாமல், காணாமல் போனமைக்கான சான்றிதழ் பெற வழிசெய்தது. இரண்டாவது சான்றிதழ் காணாமல் போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் நிருவகிக்கவும் உரிமை தருகிறது. விற்றுப் பெயர் மாற்றுவது அதைவிடப் பெரிய காரியம். அதைத் தொடங்குமுன் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டே தீர வேண்டும். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களில் வசதி குறைந்தவர்கள் இலவச ஆலோசனை பெறலாம்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா இருக்கிறார். கணவரை 1996இல் கொண்டுபோனார்கள். அவருடைய டட்சன் பிக்கப் இன்றும் வீட்டில் நிற்கிறது. "வித்தால் மகளின்ர வீட்டுக்கு ஓடு போடலாம் தம்பி. ஆனால் அதுக்காக நான் அவரைச் செத்தவர் எண்டு எழுதிக் குடுக்கமாட்டன்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. அவரிடம் சொன்னது இரண்டு விடயங்கள்தான். மரணச் சான்றிதழுக்குக் கையொப்பம் வைக்குமாறு எந்த வாகன வியாபாரியும் உங்களை அவசரப்படுத்த விடாதீர்கள். அதுபோல, 'கடதாசி பிறகு பாப்பம்' என்று சொல்லி வாகனத்தை ஏற்றிக்கொண்டு போகவும் விடாதீர்கள். முடிவு எதுவாக இருந்தாலும் அது அவருடையதாக இருக்க வேண்டும். இடைக்காலத்தில் வாகனத்தைக் கூரையின் கீழ் நிறுத்தி, சில்லுகளைக் கல்லில் உயர்த்தி, ஓடவில்லை என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் அறிவித்து வைத்தால் பெறுமதி குறையாமல் காக்கலாம்.

விலை எடுப்பது

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 மாசியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. ஓட்டத்துக்கு வாங்கும் பிக்கப்பின் விலை இந்த மாற்றங்களோடு ஏறி இறங்கும். விரும்பி வாங்கும் பழைய வாகனத்தின் விலை மூலத்தன்மையையும் கடதாசியையும் பார்த்து நகரும். உங்கள் வாகனத்தை எந்தச் சந்தையில் விற்கிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பாரம் ஏற்ற வாங்குபவருக்கு ஸ்ரீ இலக்கம் ஒரு பொருட்டல்ல. சேகரிப்பவருக்கு எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பது பொருட்டல்ல.

விளம்பரத்தில் உள்ளது கேட்கும் விலை, விற்ற விலை அல்ல. நான் ஆறு கிழமைகள் இணைய விளம்பரங்களையும் பத்திரிகைகளையும் பார்த்து, மைனர் பிக்கப், வான் விளம்பரங்களை ஒரு கொப்பியில் எழுதினேன். கேட்ட விலை, ஆண்டு, எஞ்சின், கடதாசி நிலை, விலையைக் குறைத்தார்களா, விளம்பரம் எப்போது மறைந்தது. மறைந்தவற்றின் உரிமையாளர்களுக்கு அழைத்து, "நானும் ஒண்டு விக்கப்போறன் அண்ணை, எவ்வளவுக்குப் போச்சு?" என்று கேட்டேன். சிலர் சொல்லவில்லை. சொன்னவர்கள் உண்மையையே சொன்னார்கள் என்று நினைக்கிறேன். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் விட்டுவிட்டேன். மிஞ்சியவற்றிலிருந்து, நல்ல நிலையிலுள்ள ஒன்று அந்த நேரத்தில் ஏறத்தாழ பத்தேகால் இலட்சத்துக்குப் போனதாகக் கணக்கெடுத்தேன்.

பின்னர் கழிக்க வேண்டியது. ரிங்கர் வேலை செய்பவர் ஒருவரையும் மெக்கானிக் ஒருவரையும் கூட்டிவந்து காட்டி, செலவை எழுத்தில் வாங்கினேன். இரண்டும் சேர்ந்து 2 இலட்சத்து 10 ஆயிரம். அனுமதிப்பத்திர நிலுவை முதலான கடதாசிச் செலவு 40 ஆயிரம். மிஞ்சியது ஏழே முக்கால் இலட்சம். இவை எங்கள் வாகனத்துக்கு அந்த மாதத்தில் வந்த எண்கள். உங்களுக்கு வேறாக வரும். ஆனால் கணக்கின் ஒழுங்கு இதுதான்: நல்ல வாகனத்தின் விற்ற விலையிலிருந்து திருத்தச் செலவையும் கடதாசிச் செலவையும் கழிப்பது.

கடைசியாக மூன்று எண்களை எழுதினோம். கேட்கும் விலை 8.75. எதிர்பார்ப்பது 7.75. அதற்குக் கீழே போவதில்லை என்பது 7.25. அம்மா, தம்பி, தங்கை எல்லோரும் ஒப்புக்கொண்ட பின்னரே விளம்பரம் போட்டோம். இந்த மூன்றாவது எண்ணை முன்கூட்டியே முடிவு செய்யாத குடும்பம், முற்றத்தில் காசுக்கட்டைக் கண்டதும் தடுமாறும். ஒருவர் "குடுப்பம்" என்பார், மற்றவர் "வேண்டாம்" என்பார். வாங்க வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நினைவுகளுக்கு விலை போடுவதில்லை என்பதும் அன்றே எடுத்த முடிவு. அந்த வாகனம் எங்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் வாங்குபவர் அதற்குக் காசு தரக் கடமைப்பட்டவர் அல்லர். நாங்களும் அதைச் சொல்லிக் கேட்க விரும்பவில்லை.

எதைத் திருத்துவது, எதை விடுவது

திருத்தியது: பிறேக், பற்றரி, காபுரேற்றர் சுத்தம், கிறீஸ், வெடித்த இரண்டு ரயர்கள். வாகனம் ஸ்ராட் ஆகி, நேரே ஓடி, நின்றால் போதும். கழுவித் துடைத்தோம்.

தொடாதது: பெயின்ற். விற்பதற்காக அவசரமாகப் பூசிய பெயின்ற்றைக் கண்டதும் விடயம் தெரிந்தவர், கீழே துரு மறைக்கப்பட்டிருக்கிறது என்றே நினைப்பார். முழுமையாகப் புதுப்பித்து விற்கலாமா என்று தம்பி கேட்டான். அந்தச் செலவு விலையில் முழுதாகத் திரும்பி வருவது அரிது. புதுப்பிக்கும் ஆசை வாங்குபவருடையது. அதை அவரிடமே விட்டுவிடலாம்.

விளம்பரமும் வாங்க வருபவரும்

மைனரை விரும்பி வாங்குபவர்கள் பலர் கொழும்பிலும் கண்டியிலும் தெற்கிலும் இருக்கிறார்கள். தமிழில் மட்டும் விளம்பரம் போட்டால் அவர்களைச் சென்றடையாது. சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவரைக் கொண்டு மூன்று மொழியிலும் எழுதுங்கள். ஆண்டு, எஞ்சின், பதிவு நிலை, ஓடும் நிலை, தெரிந்த குறைகள், விலை, மாவட்டம் இருந்தால் போதும். படங்கள் காலை வெளிச்சத்தில் எடுங்கள்: நான்கு பக்கமும், எஞ்சின், செசித் தகடு, சாரதி அறை, பின்பெட்டி, துருப் பிடித்த இடங்கள். துருவின் படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்தான் உண்மையில் வாங்க வருபவர். சி.ஆரின் முழுப் படத்தையும் அடையாள அட்டையையும் இணையத்தில் போட வேண்டாம்.

எங்களுக்கு முப்பதுக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்தன. "கடைசி விலை எவ்வளவு?" என்று பார்க்காமலே கேட்பவர்களுக்கு, "வந்து பாருங்கோ, பிறகு கதைப்பம்" என்பதே பதில். நேரில் வந்தவர்கள் ஐந்து பேர். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்த பின்னர், நீங்களும் கூட ஏறுங்கள். தனியே கொடுக்க வேண்டாம். பெண்கள் மட்டும் உள்ள வீடு என்றால் வாகனத்தைக் காட்டும் இடம் கோயிலடியாகவோ உறவினர் வீடாகவோ இருக்கட்டும்.

விலைப் பேச்சில் குறைகளை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "இதுக்கெல்லாம் கழிச்சுத்தான் இந்த விலை" என்று கணக்குக் கொப்பியைக் காட்டலாம். நாங்கள் காட்டினோம். குருநாகலில் இருந்து வந்தவர் கொப்பியை வாங்கி வாசித்து, மெக்கானிக்கின் கையெழுத்துச் சிட்டையைப் பார்த்தார். அதன் பிறகு பேசிய இடைவெளி அரை இலட்சம்தான்.

காசும் கையொப்பமும்

முற்பணம் வாங்கினால் தொகை, மொத்த விலை, எந்த நாளுக்குள் மீதி, தவறினால் என்ன என்பதை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மீதியை வங்கியில் வைத்துக் கணக்குக்கு மாற்றுவதே நல்லது. கைபேசியில் காட்டும் பரிமாற்றப் படத்தை நம்ப வேண்டாம். உங்கள் கணக்கில் காசு விழுந்ததை வங்கியில் உறுதிப்படுத்திய பிறகு சாவியைக் கொடுங்கள். காசோலை என்றால் அது மாறும்வரை வாகனம் உங்கள் முற்றத்தில் நிற்கட்டும்.

இனி மிக முக்கியமானது. 'ஓப்பின் பேப்பர்' என்ற வழக்கம் எங்கள் பக்கத்தில் பல காலமாக இருக்கிறது. பெயரையும் திகதியையும் நிரப்பாமல் படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிடுவது. வாங்கியவர் பெயர் மாற்றாமலே அடுத்தவருக்கு விற்பார். அப்பா 2005இல் ஒரு மோட்டார் சைக்கிளை அப்படி விற்றார். 2008இல் அந்த இலக்கத்தைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அது எவர் கையில் இருந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. அவர் நான்கு நாட்கள் கழித்துத்தான் வீடு வந்தார். அந்த நான்கு நாட்களைப் பற்றி அவர் எங்களிடம் கதைத்ததில்லை. விபத்தானாலும் குற்றமானாலும் முதலில் தேடி வருவது பதிவிலுள்ள பெயரைத்தான்.

ஆகவே எம்.ரி.ஏ. 6 படிவத்தில் வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி எல்லாவற்றையும் நிரப்பிய பின்னரே கையொப்பமிடுங்கள். உரிமை கைமாறியதை விற்பவர் அறிவிக்கும் எம்.ரி.ஏ. 8 படிவத்தை 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கவனமாக வையுங்கள். வாகனம் கைமாறிய திகதியையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதி, சி.ஆர். பிரதி எல்லாம் ஒரே கோவையில். "பெயர் பிறகு மாத்துவன்" என்பவருக்கு, கூடுதலாகத் தந்தாலும் விற்க வேண்டாம்.

குருநாகல்காரர் பெயர் மாற்றிய சி.ஆரின் படத்தை மூன்று கிழமைகளில் அனுப்பினார். வாகனத்தை ஏற்றிய அன்று, பின் பலகையில் இருந்த ஓட்டையைத் தடவிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். செல் துண்டு பட்டது என்று தம்பி சொன்னான். அதை ஒட்டி மூடச் சொல்லவா என்று எங்களிடம் கேட்டார். அம்மா, "அது உங்கட வாகனம் தம்பி, நீங்கள் விரும்பினபடி செய்யுங்கோ" என்றார். தம்பி அதைச் சிங்களத்தில் சொன்னான்.

அந்தக் காசு மூன்று பேருக்கும் அம்மாவுக்கும் சட்டப்படி பிரிந்தது. அம்மாவின் பங்கில் அவருடைய கண் சத்திரசிகிச்சை நடந்தது. மிச்சம் வங்கியில் இருக்கிறது.